பவளம் வெளுக்கிறதா, சுருங்குகிறதா? வீட்டு ரீஃப் டேங்கில் காரணம் தேடும் முறை

நேற்று வரை விரிந்து ஆடிக்கொண்டிருந்த ஹேமர் கோரல் இன்று சுருங்கிக் கிடக்கிறது. பக்கத்து மாண்டிபோரா பவளத்தின் ஓரம் வெளுத்திருக்கிறது. உடனே கை பரபரக்கும். பாதித் தண்ணீரை மாற்றிவிடலாமா, லைட்டைக் குறைக்கலாமா, கடைக்காரர் சொன்ன பாட்டிலை ஊற்றிப் பார்க்கலாமா? மூன்றையும் ஒரே இரவில் செய்து முடிப்பவர்கள் உண்டு. புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்தவர்கள் வீட்டில், நோயால் போகும் பவளத்தைவிட அவசர வைத்தியத்தால் போகும் பவளம்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

அதனால் இங்கே மருந்துப் பட்டியல் கிடையாது. எதை முதலில் பார்ப்பது, எதை அளப்பது, எதை எவ்வளவு மெதுவாக மாற்றுவது என்ற வரிசைதான் இருக்கிறது. நான் சிங்கப்பூரில் டேங்க் வைத்திருப்பவன். வெப்பம், குழாய்த் தண்ணீர் பற்றிப் பேசும்போது இந்த ஊர் வாடை வரும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சட்ட விஷயம் கடைசியில் இருக்கிறது. டேங்க் வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

முதலில் பார்ப்பது: எந்த மாதிரி வெள்ளை?

'பவளம் வெள்ளையாகிவிட்டது' என்ற ஒரே சொல்லுக்குள் நாலு தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலாவது வெளுப்பு. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதன் உணவில் பெரும்பங்கைச் சமைத்துக் கொடுக்கின்றன. நிறத்திலும் அவற்றின் பங்கு பெரியது. வெப்பமோ அதிக வெளிச்சமோ தாங்காமல் போகும்போது பவளம் அந்தப் பாசிகளை இழக்கிறது. சதை கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. ஆனால் சதை இருக்கிறது, உயிர் இருக்கிறது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாலிப்புகள் (பவளத்தின் வாயும் இழைகளும் கொண்ட குட்டி உயிர்கள்) நீட்டியிருப்பதைக் காணலாம். இது பிழைக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது சதை உரிதல். இங்கே எலும்பின் மேல் ஒன்றுமே இருக்காது. உயிருள்ள பகுதிக்கும் வெற்று எலும்புக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு அடியிலிருந்து நாள்கணக்கில் மெதுவாக ஏறினால் எஸ்டிஎன் (மெதுவான சதை உரிதல்) என்பார்கள். சில மணி நேரத்தில் மொத்தக் கிளையும் உரிந்து தொங்கினால் ஆர்டிஎன் (வேகமான சதை உரிதல்). வெற்று எலும்பில் இரண்டு மூன்று நாளில் பச்சைப்பாசி படியும். அந்த இடத்தில் சதை தானாகத் திரும்பி வராது, பக்கத்துச் சதை வளர்ந்துதான் மூட வேண்டும்.

மூன்றாவது கடித்த தடம்: ஆங்காங்கே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் அல்லது ஓரத்தில் சுரண்டிய பட்டை. இது பூச்சியின் வேலை, இல்லையென்றால் மீனின் வேலை.

நாலாவதற்குக் கவலையே வேண்டாம். அக்ரோபோராவின் கிளை நுனியும் தட்டு மாண்டிபோராவின் ஓரமும் வளரும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். அதேபோல் டோட்ஸ்டூல் போன்ற லெதர் கோரல்கள் சில நாள், சிலசமயம் ஒரு வாரத்துக்கும் மேல், மூடிக்கொண்டு மெழுகு போன்ற தோலை உரிக்கும். அதைச் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். அதன் மேல் கொஞ்சம் நீரோட்டம் படும்படி செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அப்புறம் கேட்க வேண்டியது: ஒன்றுக்கா, எல்லாவற்றுக்குமா? டேங்கில் இருக்கும் எல்லாப் பவளமும் ஒரே வாரத்தில் வாடினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் வாடினால் பூச்சி, பக்கத்துப் பவளத்தின் சண்டை, மீன் கடி, இடம் மாற்றியது ஆகியவற்றைப் பாருங்கள். மேல்பக்கம் வெளுத்து, நிழல் விழும் அடிப்பக்கம் நிறத்தோடு இருந்தால் வெளிச்சம். எஸ்பிஎஸ் வகைகள் (அக்ரோபோரா போன்ற சின்ன பாலிப் கல்பவளங்கள்) மட்டும் நுனி கருகி, மற்றவை நன்றாக இருந்தால் ஆல்க்கலினிட்டி (விளக்கம் பின்னால்). இறால்களும் நத்தைகளும் முதலில் விழுந்தால் நஞ்சு. இவை சட்டங்கள் இல்லை, ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டேங்கின் நீல லைட்டைக் குறைத்து, வெள்ளை வெளிச்சத்தில், தினமும் அதே கோணத்தில் எடுக்க வேண்டும். கோடு நகர்கிறதா நிற்கிறதா என்பதை நம் ஞாபகத்தைவிடப் படம் நேர்மையாகச் சொல்லும்.

காத்திருக்கக் கூடாத ஐந்து

பொறுமை என்று சொன்னாலும், சிலவற்றில் பொறுமை கொன்றுவிடும்.

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருந்தால் இப்போதே இறக்கத் தொடங்குங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதாகியிருந்தால் மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வையுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியபடியே சம்ப்பில் (டேங்குக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில்) மிதக்க விடலாம். லைட்டை அணையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும்.

அம்மோனியா டெஸ்ட்டில் நிறம் காட்டினால், எங்கோ ஏதோ அழுகுகிறது. காணாமல் போன மீன், பெரிய நத்தை, அனிமோன் என்று தேடி எடுங்கள். பிறகு தண்ணீர் மாற்றுங்கள்.

ஆர்டிஎன் என்றால் காத்திருந்து பயனில்லை. உயிரோடு இருக்கும் கிளை நுனிகளை, உரியும் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டி, ஃபிராக் கல்லில் (வெட்டிய பவளத் துண்டை ஒட்டும் சின்னக் கல்லில்) ஒட்டி வேறு இடத்தில் வையுங்கள். தாய்ப் பவளம் போனாலும் அவற்றில் ஒன்றிரண்டு நிற்கலாம்.

ஹேமர், டார்ச், ஃபிராக்ஸ்பான் போன்றவற்றில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று சளி தொங்கினால் அது பிரௌன் ஜெல்லி. மிக வேகமாகப் பக்கத்துத் தலைகளுக்குப் பரவும். பவளத்தை அப்படியே தூக்கினால் சளி டேங்க் முழுக்கப் பறக்கும். முதலில் பம்புகளை நிறுத்தி, மெல்லிய குழாயால் சளியை உறிஞ்சி வெளியேற்றுங்கள். பிறகு பவளத்தை வெளியே எடுத்து, டேங்கின் உப்பு அளவுள்ள வேறு தண்ணீரில் அலசி, கிளைவகையாக இருந்தால் பாதித்த தலையை வெட்டி எறிந்து, மிச்சத்தை அயோடின் டிப்பில், அதாவது அயோடின் கலந்த மருந்துநீரில், நனையுங்கள். முடிந்தால் தனித் தொட்டியில் வையுங்கள்.

ஐந்தாவது நஞ்சு. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். சந்தேகம் வந்த அடுத்த நிமிடம் நல்ல ஆக்டிவேட்டட் கார்பனைப் போடுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை மாற்றுங்கள்.

இந்த ஐந்தும் இல்லையென்றால் உட்காருங்கள். அவசரம் இல்லை.

அளப்பதற்கு முன் அளவுகோலை அளங்கள்

முதல் சோதனை சாலினிட்டி, அதாவது உப்பு அளவு. கடல்நீரில் 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு. அதை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். உப்பு அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நம்புவது பரவலான பழக்கம். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் தப்பாகக் காட்டலாம். கடைகளில் 35 பிபிடி திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கும், அதில் வைத்துச் சரிசெய்யுங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள், அந்த ஊசியில் ஒட்டும் காற்றுக் குமிழிகளால் அளவு ஏமாற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

100 லிட்டர் டேங்கில் 3 லிட்டர் ஆவியாகிப் போனால் 35 இருந்தது 36 ஆகிவிடும். ஃபேன் ஓடும் டேங்கில் இவ்வளவு ஆவியாவது சுலபமாக நடக்கும். ஆவியான இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் இல்லை. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. ஏறிப்போன சாலினிட்டியை ஒரே நாளில் இறக்க வேண்டாம், நாளுக்கு 1 பிபிடி போதும்.

அந்த நல்ல தண்ணீர் எது? ஆர்ஓவுக்குப் பிறகு மிச்சத் தாதுக்களையும் நீக்கும் ஆர்ஓ டிஐ ஃபில்டரிலிருந்து வரும், டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த தாதுக்களை அளக்கும் கருவியில்) பூஜ்யம் காட்டும் தண்ணீர். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ மெஷின் தண்ணீர் இதற்கு ஆகாது. சுவைக்காகக் கொஞ்சம் தாதுக்களை விட்டு வைக்கவே பல மெஷின்களில் தனி ஏற்பாடு இருக்கிறது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் உண்டு. டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டாது, அதனால் கார்பன் ஃபில்டரைத் தேதி குறித்து மாற்றுங்கள்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் நிலையாக இருக்கட்டும். ஹீட்டரிலோ சில்லரிலோ காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். நம் ஊர்களில் பிரச்சினை குளிர் இல்லை. ஏசி இல்லாத அறையே மதியத்தில் 31-ஐத் தொடும், அதன் மேல் பம்பும் லைட்டும் சேரும். சில்லர் ஓடியும் குளிரவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். பின்பக்கக் கம்பி வலையில் தூசி அடைத்திருக்கும், அல்லது சில்லரைக் கேபினெட்டுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், அது விடும் சூட்டையே அது திரும்ப உறிஞ்சும். கடலிலேயே பவளங்கள் ஆண்டின் அதிகபட்ச மாதச் சராசரியைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே வெளுக்கத் தொடங்குகின்றன. மன்னார் வளைகுடா 2010-லும் 2016-லும் அப்படி வெளுத்தது.

ஆல்க்கலினிட்டி: இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்

கல்பவளம் எலும்பு கட்ட இரண்டு பொருள் வேண்டும்: கால்சியமும் கார்பனேட்டும். கார்பனேட் கையிருப்பைக் காட்டும் எண்தான் ஆல்க்கலினிட்டி. கடலில் சுமார் 7 டிகேஎச் (ஆல்க்கலினிட்டியை அளக்கும் அலகு). வீட்டு டேங்கில் 7-க்கும் 9-க்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணில் நிற்கட்டும். எந்த எண் என்பதைவிட அது நாளுக்கு நாள் நகராமல் இருப்பது முக்கியம்.

ஏன் இங்கே நின்று படிக்கச் சொல்கிறேன்? ஒரு கணக்கு போடலாம். பவளம் 1 டிகேஎச் ஆல்க்கலினிட்டியைச் சாப்பிடும்போது கால்சியத்தில் சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஏழு பங்கு) தான் குறையும். ஆல்க்கலினிட்டித் திரவத்தை அளவாக ஊற்றும் டோஸிங் பம்பின் குழாய் அடைத்து, சில நாளில் ஆல்க்கலினிட்டி 8-லிருந்து 6-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். பவளத்துக்கு அது பெரிய அடி. அதே நேரத்தில் கால்சியம் 420-லிருந்து 406-க்குத்தான் வந்திருக்கும், அந்த வித்தியாசம் வீட்டு டெஸ்ட் கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். கால்சியம் மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பவளம் உரிந்துகொண்டிருக்கும்.

அதனால் வாடும் டேங்கில் ஒரு வாரம் தினமும், ஒரே நேரத்தில், ஆல்க்கலினிட்டியை அளந்து எழுதுங்கள். டோஸிங் செய்பவர்கள் ஒரு நாள் மட்டும் நிறுத்தி, முன்னும் பின்னும் அளந்தால் டேங்க் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறது என்பது தெரிந்துவிடும். டோஸிங் அளவு அந்த எண்ணுக்குப் பொருந்த வேண்டும், பாட்டிலில் அச்சடித்த எண்ணுக்கு இல்லை.

இறங்கியிருந்தால் ஏற்றுவது சுலபம், மெதுவாக ஏற்றுவதுதான் கஷ்டம். கலப்பில்லாத ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் சுமார் 1 டிகேஎச் ஏறும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். நாளுக்கு அரை டிகேஎச் என்று வைத்துக்கொண்டு, சோடாவை ஆர்ஓ தண்ணீரில் முழுதாகக் கரைத்து, நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். லிட்டர் கணக்குப் போடும்போது கல், மணல் பிடித்த இடத்தைக் கழியுங்கள். 200 லிட்டர் டேங்கில் 200 லிட்டர் தண்ணீர் இருப்பதில்லை.

ஏறியிருந்தால்? ஒன்றும் போடாதீர்கள். டோஸிங்கை நிறுத்தினால் பவளங்களே இறக்கிவிடும்.

இதில் தண்ணீர் மாற்றமும் ஒரு கண்ணி. சில உப்பு வகைகளைக் கரைத்தால் 11, 12 டிகேஎச் வரும். உங்கள் டேங்க் 7-இல் நின்றிருக்க, 'நல்லது செய்கிறோம்' என்று ஒரே அடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் ஆல்க்கலினிட்டி 9-ஐத் தொடும் அல்லது தாண்டிவிடும். பவளம் நுனி கருகும்போது பழி லைட்டின் மேல் விழும். புதிதாகக் கரைத்த தண்ணீரையும் அளங்கள். அதன் வெப்பமும் உப்பும் டேங்கோடு பொருந்தட்டும், ஒருமுறைக்கு 10 சதவீதம் மாற்றினால் போதும்.

கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். மெக்னீசியம் குறைந்த டேங்கில் ஆல்க்கலினிட்டியும் கால்சியமும் எவ்வளவு போட்டாலும் நிற்காது, ஹீட்டர் மேலும் பம்ப் மேலும் வெள்ளைப் படிவமாக இறங்கிவிடும். பிஹெச் எண்ணைத் துரத்தாதீர்கள். 7.8-க்கும் 8.4-க்கும் நடுவே இருந்தால் போதும். ஏசி அறையைப் பூட்டி வைத்துத் தூங்குகிறவர்கள் வீட்டில் நம் மூச்சுக் காற்றாலேயே அது குறையும். சன்னலைத் திறந்தால் ஏறும், செலவும் இல்லை.

சுத்தமாக இருப்பதும் ஒரு நோய்

புதியவர்கள் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பெருமைப்படுகிறார்கள். அந்தத் தண்ணீரில் பவளத்துக்குச் சாப்பாடு இல்லை. நிறம் வெளிறும், சதை மெலியும், ஆல்க்கலினிட்டி கொஞ்சம் கூடினாலும் நுனி கருகும். மணலின் மேலும் கல்லின் மேலும் பழுப்புச் சளி போல, நுனியில் காற்றுக் குமிழியோடு, இரவில் குறைந்து பகலில் திரும்பி வருவது டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர். பெரும்பாலும் இப்படிப் பட்டினி கிடக்கும் டேங்கில்தான் வரும்.

நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று இருக்கட்டும். பூஜ்யமாக இருந்தால் மீனுக்குக் கூடுதலாகத் தீனி போடுங்கள், ஸ்கிம்மரை (காற்றுக் குமிழிகளால் கழிவைப் பிரிக்கும் கருவியை) சில மணி நேரம் நிறுத்துங்கள். அதிகமாக இருந்தால் தீனியைக் குறையுங்கள், மணலையும் சம்ப்பையும் சுத்தம் செய்யுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ துகள்களைப் போடுவதானால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். மாதக்கணக்கில் 0.3-க்குப் பழகிய பவளத்தை இரண்டே நாளில் 0.02-க்கு இறக்கினால், எண் அழகாகிவிடும், பவளம் உரிந்துவிடும்.

பாஸ்பேட் அளக்க ஹன்னா கருவி வைத்திருப்பவர்கள் எந்த மாடல் என்று பாருங்கள். ஒன்று பாஸ்பேட்டை நேராக பிபிஎம்மில் காட்டும். இன்னொன்று பாஸ்பரஸை பிபிபி-யில் (நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில்) காட்டும், அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். இது தெரியாமல் '12 வருகிறது' என்று பதறுகிறவர்கள் உண்டு. அது 0.037தான், நல்ல எண்.

டெஸ்ட் கிட்டின் தேதியும் முடிந்திருக்கலாம். நம்ப முடியாத எண் வந்தால் முதலில் கிட்டைச் சந்தேகியுங்கள், கடையிலோ நண்பரிடமோ வேறு கிட்டில் ஒருமுறை பாருங்கள். அதற்கு முன் எதையும் ஊற்ற வேண்டாம்.

வெளிச்சமும் நீரோட்டமும்

இது சுருக்கமாகவே முடியும். சாஃப்ட் கோரலுக்கும் எல்பிஎஸ் வகைக்கும் (ஹேமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் கல்பவளங்கள்) பிஏஆர், அதாவது பாசி பயன்படுத்தக்கூடிய வெளிச்சத்தின் அளவு, 50 முதல் 150 போதும். அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ்ஸுக்கு 200 முதல் 350. வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, நீல எல்இடி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்துகொண்டே பவளத்தைச் சுடும். பிஏஆர் மீட்டர் வாடகைக்கோ இரவலோ கிடைத்தால் ஒரு மாலை நேரம் வாங்கி, டேங்கில் ஒவ்வோர் இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது லைட் மாட்டினால் பாதி அளவில் தொடங்கி, மூன்று நாலு வாரத்தில் ஏற்றுங்கள். பவளம் பழுப்பாக மாறுவது வெளிச்சம் குறைவு அல்லது சத்து அதிகம், அதற்கு உயிர் பயம் இல்லை.

நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பழைய வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு படிந்து நாளடைவில் வேகம் குறையும். வினிகரிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகும். கிளைகளுக்கு நடுவே அழுக்கு தங்கினால் அந்த இடத்தில்தான் சதை முதலில் போகும். அதே சமயம் ஹேமர், டார்ச் மேல் நேராக ஓட்டம் அடித்தால் எலும்பின் விளிம்பில் சதை கிழியும். மென்மையாக ஆட வேண்டும், ஒரே பக்கம் படுத்துக் கிடக்கக் கூடாது.

பூச்சி, சண்டை, கடி

ஒரே ஒரு பவளம் வாடினால் இரவு லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு உட்காருங்கள். பகலில் காணாதது எல்லாம் அப்போது வரும்.

மாண்டிபோராவின் அடிப்பக்கம் ஓரத்தில் அரிசியைவிடச் சிறிய வெள்ளை நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) இருக்கலாம். அக்ரோபோராவில் நிறம் மங்கிய நீள்வட்டப் புள்ளிகள் தெரிந்தால் தட்டைப்புழு. புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும், பேஸ்டரால் (ரப்பர் பல்ப் வைத்த உறிஞ்சுகுழாயால்) வேகமாக ஊதினால் உதிரும். அதன் முட்டைகள் பழுப்புக் கொத்தாக, சதை போன அடிப்பகுதியில் இருக்கும். கொத்தாக வளரும் பொத்தான் போன்ற சோவாந்தஸ் திறக்கவே இல்லை என்றால் அதைத் தின்னும் நூடிபிராங்க்கையும் சன்டயல் நத்தையையும் தேடுங்கள்.

கடைகளில் கிடைக்கும் கோரல் டிப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை இருக்கும் எலும்பை வெட்டி எறியுங்கள் அல்லது பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டுங்கள். வாரம் ஒருமுறை என்று ஒரு மாதத்துக்கு மேல் டிப்பைத் தொடருங்கள். டிப் செய்த தண்ணீரை டேங்கில் ஊற்றக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். அவை ஒட்டியிருக்கும் கல்லைச் சுடுதண்ணீரில் போடுவதோ வேகவைப்பதோ வேண்டவே வேண்டாம். அந்த ஆவியை முகர்ந்து குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

பவளங்கள் ஒன்றையொன்று தாக்கும். கேலக்ஸியாவும் டார்ச்சும் இரவில் நீளமான கொடுக்கு இழைகளை நீட்டும், பக்கத்தில் இருப்பதைச் சுடும். 15 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள், கேலக்ஸியாவுக்கு இன்னும் கூட. லெதர் கோரல்கள் தொடாமலே தண்ணீரில் ரசாயனம் விட்டுச் சண்டை போடும், அதற்கு மாற்று ஆக்டிவேட்டட் கார்பன். மீன்களில் குள்ள ஏஞ்சல் வகைகள் பவளத்தைக் கொத்தலாம். க்ளௌன் மீன் அனிமோன் கிடைக்காமல் ஹேமரில் குடியேறி உருண்டு புரண்டால், அந்த ஹேமர் மூடியே கிடக்கும்.

நஞ்சு எங்கிருந்து வரும்?

எல்லா எண்ணும் சரி, பூச்சியும் இல்லை, ஆனாலும் எல்லாம் வாடுகிறது. அப்போது டேங்குக்குள் இருக்கும் இரும்பைத் தேடுங்கள். வேவ்மேக்கரின் காந்தம், கண்ணாடி சுத்தம் செய்யும் காந்தம், ரிட்டர்ன் பம்பின் ரோட்டர் இவற்றின் பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டால் உள்ளே துருப்பிடித்து உலோகம் கரையும். உறை உப்பியிருந்தாலோ பழுப்புக் கறை தெரிந்தாலோ அன்றே எடுத்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீரை ஐசிபி சோதனைக்கு அனுப்பினால் செம்பு, துத்தநாகம், இரும்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மீனின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்தைப் பவளம் இருக்கும் டேங்கில் ஊற்றவே கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

அப்புறம் கொசு. கொசுவத்தி, திரவ மெஷின், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மீனுக்கும் இறாலுக்கும் அது கடும் விஷம். ஸ்கிம்மரும் ஏர் பம்பும் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீரில் கலக்குகின்றன. டேங்க் இருக்கும் அறையில் இவை வேண்டாம். வீவக (சிங்கப்பூர் அரசுக் குடியிருப்பு) புளோக்கில் டெங்கிக்காகப் புகை அடிக்க வரும் நாளில் சன்னலை மூடி, ஸ்கிம்மரையும் ஏர் பம்பையும் நிறுத்தி, வேவ்மேக்கரைப் பரப்பைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். புகை அடங்கி, அறையில் காற்றோட்டம் விட்ட பிறகு எல்லாவற்றையும் போடலாம். பெயின்ட் அடிக்கும் நாளிலும் இதே விதி.

தேற்றுவதும், புதியதை வாங்குவதும்

காரணம் தெரிந்து சரிசெய்துவிட்டீர்கள் என்றால், அடுத்த இரண்டு வாரம் டேங்கில் வேறு எதையும் மாற்றாதீர்கள். வெளுத்த பவளத்துக்கு வெளிச்சத்தை 20 அல்லது 30 சதவீதம் குறையுங்கள், அல்லது கீழே நகர்த்துங்கள். உள்ளே பாசி இல்லாததால் அதற்கு வெளியிலிருந்துதான் சாப்பாடு போக வேண்டும். எல்பிஎஸ் வகைகளுக்கு வாரம் இரண்டு முறை, விளக்கு அணைந்தபின் இழைகள் நீளும் நேரத்தில், உருகவைத்த மைசிஸ் இறாலைப் பம்பை நிறுத்திவிட்டுப் பேஸ்டரால் மெல்ல வையுங்கள். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதங்கள்.

போன இடத்தில் புதிது வாங்கும்போது கடலிலிருந்து எடுத்ததைவிட டேங்கில் வளர்த்து வெட்டிய ஃபிராக்கையே கேளுங்கள். வீட்டுச் சூழலுக்கு அது ஏற்கனவே பழகியிருக்கும். ஒட்டியிருக்கும் பழைய அடிக்கல்லை எடுத்துவிட்டு, டிப் செய்து, நாலு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே உள்ளே விடுங்கள். கல்பவளங்கள் அனைத்தும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. பயணத்தில் கைப்பையில் போட்டு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அனுமதிச் சீட்டு வேண்டும்.

இந்திய வாசகர்களுக்குச் சொல்வதாகச் சொன்னது இதுதான். கல்பவளங்கள், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் கோரல், ஃபயர் கோரல், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பில் இருக்கின்றன. மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் கடலில் எடுத்ததாகச் சொல்லி யாராவது பவளமோ பவளக் கல்லோ விற்றால், அதை வாங்குபவரும் சட்டத்தில் மாட்டுவார். இந்தியாவில் உப்புநீர் டேங்க் ஆசை இருந்தால் மீனும் செயற்கைக் கல்லும் வைத்துத் தொடங்குங்கள். எதை வைத்துக்கொள்ளலாம் என்ற சந்தேகம் வந்தால் கடைக்காரரைக் கேட்க வேண்டாம், மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.